பசியை விற்காமல் கேளுங்கள்

பசி, ஊட்டச்சத்து, சிறுதானியம் என்று தலைப்பு வைத்து நிதி கேட்கும் விண்ணப்பங்களைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்து "தாத்தா, ஒரு தடவை பாத்துக் குடுங்க" என்று நீட்டுகிறார்கள். பெரும்பாலும் முதல் வரி ஒன்றாகவே இருக்கிறது: மக்களிடம் பசி குறித்த விழிப்புணர்வு இல்லை. நான் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, யாருக்கு இல்லை என்று கேட்பேன். கொல்லிமலை வளவந்தி நாட்டில் விதைக்கென்று கடைசி வள்ளம் சாமையைத் தொடாமல் எடுத்துவைத்து, அறுவடை வரைக்கும் கிழங்கையும் கீரையையும் வைத்து வீட்டை ஓட்டிய கிழவிக்குப் பசியைப் பற்றி நாம் பதாகை பிடித்துச் சொல்ல வேண்டுமா? செம்மேட்டில் ஊர்வலம் போனால் வேடிக்கை பார்ப்பது அவள்தான்.

ஆனால் மலைக்குத் தெரியாத பசி ஒன்று உண்டு. 2006இல் ரேஷன் அரிசி கிலோ இரண்டு ரூபாய் ஆனது, 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அறுப்புக்கு முந்தைய மாதங்களின் வெறும் அடுப்பைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள். வயிறு நிறைந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பிருந்தே சாமையும் தினையும் கேழ்வரகும் நின்ற காடுகளில் குச்சிக்கிழங்கு ஏறி, லாரி லாரியாகக் கீழே சேகோ ஆலைக்குப் போயிற்று. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். விழிப்புணர்வு என்று ஒன்று தேவை என்றால் அது வயிறு நிறைந்தும் சத்து சேராத இந்தப் பசிக்குத்தான். மலையிலும் வேண்டும், மலையடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டிக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் வேண்டும்.

ஒரு பெண் ஒருமுறை, "பாட்டி காலத்துல சாமை தின்னாங்க, இப்ப ஏன் யாரும் ஆக்கறதில்ல?" என்று எழுதியிருந்தாள். விண்ணப்பத்தின் மற்றப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள் என்றேன். இது விடை தேடிப் போகக்கூடிய கேள்வி. வீடு வீடாகக் கேட்டால் ருசியோ விலையோ முதலில் வராது. உரலில் போட்டு உலக்கையால் குத்திப் புடைத்து உமி நீக்குகிற பாடுதான் வரும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் கண்டுகொண்டதும் இதைத்தான். கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை, பெருஞ்சாமை என்று ரகம் ரகமாகப் பெயர் சொல்லிப் பதிவு செய்ததோடு, பெண்களின் உலக்கை வேலையையும் கணக்கில் சேர்த்தார்கள். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியமும் பிறகு கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையமும் பணம் தந்தன. ஊர்களுக்கு உமி நீக்கும் மில் வந்தது. சுய உதவிக் குழுக்கள் அதை ஓட்டின. ஆய்வறிஞர்களும் இங்கே திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேட்டுத்தான் அந்தப் பணத்தை வாங்கினார்கள். பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை இன்னும் பக்கம்.

பணம் எங்கே இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பயர் மானக் விருதில் ஆறாம் வகுப்பு முதல் பிள்ளைகள் யோசனை அனுப்பலாம். பள்ளி வழியாகத்தான் போகும். தேர்வானால் மாதிரி செய்ய மாணவர் வங்கிக் கணக்கிலேயே 10,000 ரூபாய் விழும். கையால் சுற்றிச் சாமை உமி நீக்கும் சிறு கருவி இதற்குப் பொருந்தும், ஊர்வலம் பொருந்தாது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது, 10 முதல் 17 வயது வரை. அதில் பெரிய தொகை இல்லை; ஆனால் உள்ளூர்ப் பிரச்சினையை ஆராய்கிற முறையை அது கற்றுக்கொடுக்கும். பள்ளியில் பசுமைப் படை, நாட்டு நலப்பணித் திட்டம் இருந்தால் அவற்றுக்கு வரும் சிறுதொகையைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். சிறு தொகையில் தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. பெரிய நிதி வந்தால் பிள்ளைகள் பின்னால் போய்விடுவார்கள், பெரியவர்கள் மேடையில் ஏறிவிடுவார்கள்.

கேட்பதில் கூச்சம் வேண்டாம். இது வல்வில் ஓரி ஆண்ட மலை. அவனைப் பாடிப் பரிசில் பெற்ற வன்பரணரை யாரும் பிச்சைக்காரர் என்று சொல்லவில்லை. பெருஞ்சித்திரனார் தன் வீட்டுப் பசியை மறைக்காமல் குமணனிடம் பாடினார். அதே புலவர், தன்னைப் பாராமலே அதியமான் அனுப்பிய பரிசை வேண்டாம் என்றார். குமணன் தந்ததை வீட்டுக்குக் கொண்டுபோனதும், எல்லோருக்கும் கொடு என்று மனைவியிடம் சொன்னவரும் அவரே. விண்ணப்பம் எழுத உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இவர் கதையைத்தான்.

ஆகவே அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். விலா எலும்பு தெரிய நிற்கும் குழந்தையின் படம் விண்ணப்பத்தில் வேண்டாம். அது உங்கள் வகுப்பில் படிக்கிறவனின் தம்பி. அவன் நாளைக்கு வளர்ந்து அந்தத் தாளைப் பார்ப்பான். படத்துக்குப் பதில் எண் வையுங்கள்: நேற்று எத்தனை வீட்டில் சாமையோ ராகியோ கீரையோ வெந்தது, எந்த மாதத்தில் வேகவில்லை. பெயரை எழுத வேண்டாம், வீட்டுக்கு ஒரு குறி போதும்.

செலவுப் பட்டியலில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பதாகைக்கும் தொப்பிக்கும் பாதிப் பணத்தை ஒதுக்கிவிட்டு, சாமைக்களி கிண்டிக் காட்டப் போகும் பாட்டிக்கு ஒரு பைசா போடுவதில்லை. "நம்ம பாட்டிக்குக் காசு குடுக்கறதா?" என்று சிரிக்கிறார்கள். அவள் அன்றைக்குக் காட்டு வேலைக்குப் போனால் கூலி வரும். அந்தக் கூலியைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். பிறகு விதை, பஸ் கட்டணம், ஜெராக்ஸ். சோளக்காட்டுச் சந்தையில் சாமை விற்பவரிடம் பில் கிடைக்காது. கணக்குக் கேட்பவர் பில் கேட்பார். வெள்ளைத்தாளில் பொருள், எடை, விலை, தேதி எழுதி விற்றவரின் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ரசீதை ஏற்பார்களா என்று விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கேட்டுவிடுவது உத்தமம். இன்னொன்று: பிள்ளைகளின் வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகைக்காகத் திறந்து, பிறகு தொடாமல் கிடக்கும் கணக்குகள் முடங்கிப்போயிருக்கும்.

விழிப்புணர்வு நிகழ்ச்சியை எங்கே வைப்பது என்றால், ஆடி 17, 18இல் நடக்கும் வல்வில் ஓரி விழாவைச் சொல்வேன். கீழேயிருந்து அதிகாரிகளும் சுற்றுலாக்காரர்களும் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற நாள் அது. சத்து சேராத பசியைத் தெரியாதவர்கள் மலைக்கே வருகிறார்கள். பிள்ளைகளின் எண்கள் அங்கே இருக்கட்டும்.

பணம் தீர்ந்ததும் அறிக்கை அனுப்பச் சொல்வார்கள். அனுப்புவதற்கு முன்னால், எந்த வீடுகளில் கணக்கெடுத்தீர்களோ அந்த ஊரில் ஒரு மாலை அதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். இந்த மாதம் தப்பு, எங்கள் வீட்டில் கேழ்வரகு இருந்தது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். திருத்திக்கொண்டு, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு படியைப் பள்ளியில் வைத்துவிட்டு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கிற வகுப்பு அதிலிருந்து தொடங்கலாம்.