மாமா, மழை பெய்யுது!

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். இட்லி, வடை எல்லாம் உள்ளே போனபிறகு மெதுவாக ஆரம்பித்தார். "புதுசா ஹோம் தியேட்டர் வாங்கினேன்பா. பாட்டுன்னா வீடே அதிருது. வசனம் மட்டும் கேக்கவே மாட்டேங்குது. நீதான் ஸ்டூடியோக்காரனாச்சே, கொஞ்சம் பாரேன்." கல்யாண வீட்டில் டாக்டரைப் பார்த்தால் முதுகுவலி சொல்வார்களே, அந்தக் கதைதான். வடை தின்ற வாய், மாட்டேன் என்று சொல்லுமா?

பார்த்தேன். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, சரௌண்ட் ஸ்பீக்கர் இரண்டையும் காதுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார். வசனத்தைச் சுமக்கிற சென்டர் ஸ்பீக்கரோ டிவிக்குக் கீழே, பத்தடி தள்ளி. மெனுவில் ஐந்துக்கும் ஒரே தூரம், ஒரே லெவல்! தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப் கேட்டேன். வீடே சிரித்தது. (தங்கமணி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.)

சிரிக்கிற விஷயமில்லை மக்களே. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். கிட்டே இருக்கிற ஸ்பீக்கரின் சத்தம் முதலில் வந்துவிடும், காதும் முதலில் வந்தவன் பக்கமே சாயும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949ல் இதை ஆராய்ந்து எழுதினார், ஹாஸ் எஃபெக்ட் என்றே பெயர். அதனால் ஆகத் தள்ளி இருக்கிற ஸ்பீக்கரை விட்டுவிட்டு, கிட்டே இருப்பதைக் கொஞ்சம் காக்க வைக்கவேண்டும். அதுதான் டிலே. வீட்டு ரிசீவரில் உண்மையான தூரத்தைக் கொடுத்தால் போதும், கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும்.

தூரம் முடிந்து லெவலுக்கு வந்தேன். டெஸ்ட் டோன் பட்டனை அழுத்தியதும் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'ஷ்ஷ்ஷ்' என்று இரைச்சல். பிங்க் நாய்ஸ் என்பது இதைத்தான். நண்பரின் பெண் குழந்தை, "மாமா, மழை பெய்யுது!" என்று ஜன்னலுக்கு ஓடியது.

எனக்குச் சுருக்கென்றது. கொசுவத்தியைக் கொஞ்சம் சுற்றிக்கொள்ளுங்கள்.

2007, அந்தேரியில் ஒரு சின்ன மிக்சிங் ரூம். ஒரு மராத்திப் படம். அதன் உயிரே கடைசி ரீலில் வரும் மழைதான். முந்தைய நாள் ரூமை இஞ்ச் இஞ்சாக அளந்தேன். இடது, வலது ஸ்பீக்கர்கள் என் நாற்காலியிலிருந்து 208 சென்டிமீட்டர். சென்டர் 174, ஆக 1 மில்லிசெகண்ட் டிலே. சரௌண்ட் 140, அதற்கு 2. ஒரே குரல் இரண்டு ஸ்பீக்கரிலிருந்து 1 மில்லிசெகண்ட் முன்னே பின்னே வந்தாலே 500 ஹெர்ட்ஸ் பக்கம் குழி விழுந்து, குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதனால் அத்தனை கவனம். பெருமை வேறு.

லெவலில்தான் கோட்டைவிட்டேன். சினிமா தியேட்டருக்கு மிக்ஸ் செய்யும்போது முன்னால் இருக்கிற மூன்றும் தலா 85 டெசிபல், சரௌண்ட் பக்கத்துக்கு 82. தியேட்டரில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். டிவி, டிவிடி வேலைக்கு ஐந்தும் சமம். அந்த ரூமில் முந்தின வாரம் நடந்தது டிவிடி வேலை. உதவிக்கு இருந்த பிகார் பையன் மீட்டரைப் பிடித்துக்கொண்டு கேட்டான், "சார், பீச்சே வாலா 82 நஹி கர்னா?" டிலே கணக்கில் மூழ்கியிருந்த நான், "எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீ டீ கொண்டா" என்றேன். இந்தியில்தான், ஆனால் அதே தோரணையில்.

விளைவைப் பாருங்கள். என் ரூமில் சரௌண்ட் 3 டெசிபல் கூடுதலாகக் கேட்டது. காதுக்கு உறுத்தியதால் மழையை நானே அந்த அளவுக்கு இறக்கி வைத்தேன். பிரிவ்யூ தியேட்டரில் சரௌண்ட் சரியாக 82ல் இருந்தது. மழை திரையில் மட்டும் பெய்தது. பக்கத்தில், பின்னால் ஒன்றுமில்லை, ஏதோ தூரத்துத் தூறல். டைரக்டர் எழுந்து நின்று, "என் மழை எங்கே?" என்று கேட்டார்.

ஸ்டூடியோ முதலாளி அந்தப் பையனைத்தான் பிடித்துக்கொண்டார். "மீட்டர் உன் கையிலதானே இருந்தது?" பையன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். புது வேலை, கைக்குழந்தை, தாணேயில் வாடகை வீடு... இப்போது எழுதும்போதும் இவையெல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன.

மூன்றாம் நாள் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அவன்தான் ஊருக்கே போயிட்டானே, இப்ப எதுக்கு?" என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டபடியே சொன்னார். பையனின் மொபைல் அணைத்தே கிடந்தது. சரௌண்டை 82க்கு இறக்கி ஒரே ராத்திரியில் மழையைத் திரும்ப மிக்ஸ் செய்தேன். பிரமாதமாக வந்தது. டைரக்டர் கட்டிப்பிடித்தார்.

செம்பூருக்கு வருவோம். சோபாவை இரண்டடி முன்னால் இழுத்தோம். போன் மீட்டர் துல்லியமில்லைதான், ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடப் போதும். குழந்தையை நடு சோபாவில் உட்காரவைத்து, காது உயரத்தில் பிடிக்கச் சொன்னேன். வீட்டுக்கு ஐந்தும் சமம், அவர் ரிசீவரில் 75. சரௌண்ட் ஏழு டெசிபல் கூடுதலாக நின்றது. இறக்கினேன். நண்பரின் அம்மா போட்ட சீரியலில், மாமியாரின் முணுமுணுப்புகூடத் தெளிவாகக் கேட்டது.

எழுந்திருக்கும்போது குழந்தை மீட்டரையே பார்த்துக்கொண்டு, "மாமா, இந்தப் பக்கம் சரியா இருக்கா?" என்றது.

"தெரியலைம்மா. இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்று மறுபடி உட்கார்ந்தேன்.