மண்டி டப்வாலியின் ஜீப் பட்டறைகள்

ஒவ்வோர் ஊருக்கும் ஏதேனும் ஒரு கைத்தொழில் பெயர் தேடித் தருகின்றது. திண்டுக்கல் என்றதும் பூட்டும், பத்தமடை என்றதும் பாயும் நம் நினைவிற்கு வருகின்றன. வடநாட்டு மோட்டார்ப் பிரியர்களிடம் மண்டி டப்வாலி என்று சொன்னால், அவர்கள் கண்முன் தோன்றுவது கூரையின்றி, பெரிய சக்கரங்களின்மேல் நிமிர்ந்து நிற்கும் ஜீப் வண்டியே. தில்லியில் வாழும் நம்மவர்கள் ஹரித்வாருக்கும் அம்ருத்ஸருக்கும் பலமுறை சென்று வந்திருப்பர். டப்வாலியைக் கண்டவர் மிகச் சிலராகவே இருத்தல் கூடும். ஆயினும், காண வேண்டிய ஊர்தான் அது.

தில்லியிலிருந்து 9ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ரோத்தக், ஹிஸார், ஸிர்ஸா ஆகிய நகரங்களைக் கடந்து, 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றதும் இவ்வூரை அடைகின்றது. ஹரியானா மாநிலத்தின் மேற்கு விளிம்பில், ஸிர்ஸா மாவட்டத்தில் உள்ளது டப்வாலி. ஊரின் எல்லையைத் தாண்டினால் பஞ்சாப். இன்னும் சிறிது தூரம் சென்றால் ராஜஸ்தான். சுற்றிலும் பருத்தியும் கோதுமையும் விளையும் பூமி. ‘மண்டி’ என்னும் சொல்லுக்கு நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. நம்மூர் அரிசி மண்டியும் வெங்காய மண்டியும் அதே பொருளில் வழங்குவனவே.

இரண்டாம் உலகப் போருக்கென அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய கம்பெனிகள் இலட்சக்கணக்கில் செய்த வண்டி ஜீப். போர் முடிந்தபின், 1940களின் பிற்பகுதியில் மஹீந்திரா கம்பெனியார் அதனை நம் நாட்டில் இணைத்து விற்கத் தொடங்கினர். இராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளும் காலந்தோறும் ஏலத்திற்கு வந்தன. வாய்க்கால் கரையிலும் உழுத வயலிலும் ஓடக்கூடிய வண்டி உழவர்க்கு உகந்ததாயிற்று. பழையதைப் பிரித்துப் புதியதாய்ப் பூட்டும் திறமை இவ்வூர்ப் பட்டறைகளில் தலையெடுத்தது. தேவைக்காகப் பிறந்த அத்தொழில், இன்று பெரும்பாலும் ஆசைக்காக நடைபெறுகின்றது. மணவிழாக்களிலும் பஞ்சாபிப் பாட்டுப் படங்களிலும் இந்த ஜீப்புக்குத் தனி மரியாதை உண்டு.

சென்ற மார்கழியில் நண்பர் ஒருவருடன் அங்குச் செல்ல நேர்ந்தது. நண்பர் தில்லியில் விருந்துச் சமையல் ஒப்பந்தத் தொழில் நடத்துபவர். பாத்திரங்களையும் பண்டங்களையும் ஏற்றிச் செல்ல ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கின்றார். அதனை ஓட்டும் அவர் மகனுக்கு வண்டியை 6 அங்குலம் உயர்த்தி, அகன்ற டயர்களும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் பொருத்த வேண்டும் என்பது நெடுநாளைய அவா. அந்த வண்டியிலேயே மூவரும் புறப்பட்டோம்.

பட்டறைத் தெருவில் வெட்டும் ஒலியும் தட்டும் ஒலியும் இடையறாது எழுந்தன. ஒருபுறம் தகட்டை வளைத்து உடல் செய்கின்றனர். மறுபுறம் கமானி எனப்படும் பட்டை ஸ்பிரிங்குகளைப் பிரித்து அடுக்குகின்றனர். நாங்கள் அணுகிய மேஸ்திரி முதிர்ந்த சீக்கியர். பையனின் விருப்பத்தைக் கேட்டவர் விலை கூறவில்லை. “மகனே, இந்த வண்டியில் என்ன ஏற்றுகிறாய்?” என்று வினவினார். பின்னர், வண்டியை உயர்த்தும் முறைகளைப் பொறுமையாக விளக்கினார்.

ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டையைக் கூட்டலாம். பட்டைகளின் வளைவை மிகுவிக்கலாம். அச்சின் கீழே ஸ்பிரிங் அமைந்த வண்டியானால் அதனை அச்சின் மேலே மாற்றிப் பூட்டலாம். இதில் உயரம் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால், இவற்றால் உயர்வது உடல் மட்டுமே. பின்னச்சின் நடுவில் பல்சக்கரங்கள் அடங்கிய உருண்டையான பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். மேட்டில் முதலில் இடிப்பது அப்பெட்டிதான். அதனை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றே. 28 அங்குல டயரை நீக்கி 31 அங்குல டயர் போட்டாலும் அதற்குக் கிட்டும் உயர்வு ஒன்றரை அங்குலமே.

ஒன்றை மாற்றினால் மற்றவை வாளா இரா. என்ஜினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டு செல்லும் தண்டின் சாய்வு மாறி, அதன் மூட்டுகள் அதிரும். பிரேக் குழாயின் நீளம் போதாமற் போகும். ஸ்டீயரிங் தண்டுகளின் கோணம் கெடும். மேற்சொன்ன 31 அங்குல டயருடன், மீட்டர் 60 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 66இல் ஓடும். கனத்த சக்கரத்தை நிறுத்தப் பழைய பிரேக்கே பாடுபட வேண்டும்.

யாவற்றினும் பெரிய அபாயம் கவிழ்தல். இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடையே 56 அங்குலமும், பாரத்தின் மையம் தரையிலிருந்து 28 அங்குல உயரத்திலும் உள்ள ஒரு வண்டியை எண்ணிப் பாருங்கள். அம்மையம் 4 அங்குலம் உயர்ந்தால், திருப்பத்தில் கவிழாமல் தாங்கும் ஆற்றலில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். “கொதிக்கும் சாம்பார் அண்டாவுடன் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு இந்த வண்டி திரும்ப வேண்டாமா?” என்று மேஸ்திரி கேட்டபோது, நண்பரின் முகம் வாடியது. பையன் மறுமொழி கூறவில்லை.

சட்டமும் இதில் கண்டிப்பாகவே நிற்கின்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றிற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணம் பெறுவதிலும் தொல்லை உண்டாகலாம்.

அப்படியானால் இக்கைவினைஞர்களின் கதி யாது? இக்கேள்வி என்னை வருத்தியது. வரைபடமின்றிக் கண்ணளவிலேயே இரும்பை இணங்கச் செய்யும் அறிவு எளிதில் வாய்ப்பதன்று. அத்தகைய கைகள் சட்டத்திற்கு அஞ்சி வாழ நேர்வது நாட்டிற்கு இழப்பே. அவர்களுடைய திறமையைச் சோதித்து, முறையான சான்று அளித்து, பழுது பார்ப்பதிலும் பழைய வண்டிகளைப் புதுப்பிப்பதிலும் பயன்கொள்ளும் வழி காண்பது அரசினரின் கடமையாகும்.

மேஸ்திரி வண்டியின் அடியில் நுழைந்து பார்த்துவிட்டு ஓர் உண்மையைக் கண்டு சொன்னார். ஓயாத பாரத்தால் பின் ஸ்பிரிங்குகள் தளர்ந்து, வண்டி ஏறக்குறைய 2 அங்குலம் தாழ்ந்திருந்தது. “கம்பெனி கொடுத்த உயரத்தை மீட்டுத் தருகிறேன், அதற்குமேல் வேண்டாம், பாபுஜி” என்றார். உடைந்திருந்த ஒரு பட்டையை மாற்றி, மற்றவற்றின் வளைவைச் சரிசெய்து, தேய்ந்த புஷ்களையும் புதியனவாக்கினார். மாலைக்குள் வேலை முடிந்தது. வண்டி நேராக நின்றதைக் கண்டு பையன் இருமுறை அதனைச் சுற்றி வந்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் வண்டியின்மேல் ஆசை கொள்வது இயல்பே. அதனைக் கடிதல் வேண்டா. ஆனால், பணத்தைச் செலவிடுமுன் ஒருமுறை அவர்களை டப்வாலிக்கு அழைத்துச் செல்லுங்கள். உயர்த்தத் தெரிந்தவர்களுக்கே உயரத்தின் விலையும் தெரியும்.