கையொப்பத்துக்குக் கிடைக்கும் பரிசு

அரசியல் தலைவர்களுக்கு வழங்கப்படும் அமைதிப் பரிசு, பெரும்பாலும் நிலைபெற்ற அமைதிக்குச் செலுத்தும் நன்றி அன்று. வரவேண்டிய அமைதிக்குத் தரப்படும் முன்பணம். போரைத் தொடங்கவும் நிறுத்தவும் வல்லவர்கள் அவர்களே என்பதால், பரிசுக் குழு அவர்களுடைய கையொப்பத்தை ஊக்குவிக்கிறது.

முன்பணம் சில வேளை வீணாவதும் உண்டு. 1973இல் கிசிஞ்சருடன் சேர்த்து நோபெல் பரிசு அறிவிக்கப்பட்ட லெ டுக் தோ, வியட்நாமில் அமைதி இன்னும் வரவில்லை என்று அதை மறுத்தார். 2019இல் பரிசு பெற்ற எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமதுவின் ஆட்சியில், மறு ஆண்டே திக்ராயில் போர் மூண்டது. அரசுப் பதவி எதையும் வகிக்காத காந்திக்கோ அப்பரிசு கிடைக்கவே இல்லை.

சுனாபட்டியில் வாழும் எனக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதில்லை. அருகிலுள்ள தாராவி 1992–93 கலவரங்களில் எரிந்தது. அதன்பின் அங்கு நம்பிக்கையை மீட்டவர்கள் மொஹல்லா குழுவினர். பாவ் கோர்டே, வக்கார் கான் போன்றோர். வதந்தி கலவரமாக மாறுமுன் இரு தரப்பாரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேசவைப்பது இத்தகைய குழுக்களின் பணி. அதற்கு ஒப்பந்த நாள் இல்லை, கையொப்பமும் இல்லை. நிகழாமற்போன கலவரத்தை எந்தப் பரிசுக் குழுவிடம் சான்றாகக் காட்டுவது? அமைதியை ஆராய்வோர் தொடங்கவேண்டிய வினா இதுவென்றே கருதுகிறேன்.