கை டாக்கில் நீலச் சட்டைகள்

4 ஜூன் 2025, புதன். சாகண், புணே

தாய்லாந்திடம் இந்தியக் கால்பந்து அணி 0-2 என்று தோற்றுவிட்டது. கம்பெனி பஸ் தளேகாவ் சௌக் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோதே முதல் கோல் விழுந்துவிட்டது. மீதியை அறைக்கு வந்து பார்த்தேன். நட்புப் போட்டிதானே என்று விட்டுவிட மனசு வரவில்லை. 2023 நவம்பரில் குவைத்துக்கே போய் குவைத்தை வென்றோம். அதற்குப் பிறகு இந்த அணி ஜெயித்தது மாலத்தீவை மட்டும்தான். மார்ச் 25 அன்று ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0. அதே நாளில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் 0-0. ஆக, தகுதிச்சுற்றில் எங்கள் பிரிவில் நான்கு பேருக்கும் ஆளுக்கொரு புள்ளி. 2027 ஆசியக் கோப்பைக்குப் போகப்போவது அதில் ஒரே ஒரு அணி. அதனால்தான் 10ஆம் தேதி ஹாங்காங்கில் நடக்கும் ஆட்டத்துக்கு இத்தனை கனம்.

எங்கள் பிரஸ் ஷாப்பில் கோலாப்பூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். "இந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகும் ஹாங்காங் போகத்தான் போகிறாயா?" என்று இந்தியில் கேட்டார். போகிறேன் என்றேன். அவருக்கு நான் விளக்க வேண்டிய தேவையே இல்லை. பாட்டாகடீல் தாலீமும் சிவாஜி தருண் மண்டலும் மோதினால் சாகு ஸ்டேடியம் நிரம்பி வழியும் ஊர் அவருடையது. 2017இல் டெல்லியில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்தபோது, தங்கள் ஊர்ப் பையன் அனிகேத் ஜாதவ் ஆடுவதைப் பார்க்க ரயிலேறிப் போனவர். சேர்த்து வைத்திருந்த காம்ப் ஆஃப்களை நான் எழுதிக் கொடுத்ததும், என் லைன் ஆடிட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தானாகவே சொன்னார்.

7 ஜூன், சனி. சாகண்

பக்ரீத். காலையிலேயே ஹாங்காங்கிலிருந்து காக்கா போன் செய்தார். என்னோடு பள்ளியில் படித்தவனுடைய அண்ணன். எனக்கும் சின்ன வயதிலிருந்து அவர் காக்காதான். "பெருநாளைக்கு வராம மேட்ச்சுக்கு வர்றியே" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். டிக்கெட் இரண்டும் அவர் கையில் இருக்கிறது.

என் ஊர் ஆறுமுகநேரி. கால்பந்து பார்க்கப் பழகியது பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில். மே மாத விடுமுறையில் ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்தில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பைக்கு அகில இந்தியப் போட்டி நடக்கும். கேரளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அணிகள் வரும். அஸர் தொழுகை முடிந்ததும் ஊரே மைதானத்தைப் பார்த்து நடக்கும். இரத்தினக்கல் வியாபாரத்துக்காகக் காயல்காரர்கள் ஹாங்காங்கில் காலூன்றி எத்தனையோ காலமாகிறது. ஊருக்கு வந்திருக்கும் ஹாங்காங் மாமாக்கள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். ஹாங்காங் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது அந்த மைதானத்தில்தான்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஹாங்காங்கில் 14 நாள் வரை தங்க விசா வேண்டாம். முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்து, வரும் சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனால் போதும். கட்டணமும் இல்லை. சீட்டை நாசிக் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எடுத்தேன். கடைக்காரர் வாங்கிப் படித்துவிட்டு எதற்குப் போகிறேன் என்று கேட்டார். சொன்னதும், "சுனில் சேத்ரி ஆடுவாரா?" என்றார். சாகணில் முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் பெயரைக் கேட்டபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

8 ஜூன், ஞாயிறு. மும்பை விமான நிலையம்

இந்த வருஷம் மே 26க்கே பருவமழை வந்து ரோட்டையெல்லாம் பெயர்த்துப் போட்டிருக்கிறது. சாகணிலிருந்து தளேகாவ் போய் எக்ஸ்பிரஸ்வே பிடிப்பதற்குள் பாதி சாயங்காலம் போய்விட்டது. அதற்குப் பிறகு தடங்கல் இல்லை. நள்ளிரவு விமானம். இந்திய அணியின் நீலச் சட்டையைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

9 ஜூன், திங்கள். ஹாங்காங்

காக்காவின் வீடு சிம் ஷா சுயியில், நாதன் ரோடு பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தூரம். கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறை. ஆனால் சாப்பாடு அசல் காயல் சாப்பாடு. களறிக் கறியும் கத்தரிக்காய் மாங்காயும் வைத்தார்கள், பிறகு வட்டிலப்பம். தூக்கமில்லாமல் வந்த களைப்பு அதிலேயே போய்விட்டது.

சாயங்காலம் மைதானத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று காக்கா கூட்டிப்போனார். டுயன் மா லைனில் ஏறி சுங் வோங் டோய் ஸ்டேஷனில் இறங்கினோம். கை டாக் என்பது 1998 ஜூலை வரை ஹாங்காங்கின் விமான நிலையம். காக்கா முதன்முதலில் இந்த ஊருக்கு வந்து இறங்கியதும் இதே இடத்தில்தான். கட்டங்கட்டமாக வண்ணமடித்த ஒரு குன்றைப் பார்த்து வந்த விமானம் சட்டென்று வலப்பக்கம் சாய்ந்து திரும்பியதாம், ஜன்னலுக்கு வெளியே கவுலூன் சிட்டி மாடிகளில் காயப்போட்ட துணிகள் தெரிந்தனவாம். கடலுக்குள் நீண்டு கிடந்த அந்த ஓடுபாதைக்குத் தலைமாட்டில் இப்போது விளையாட்டுப் பூங்கா நிற்கிறது. 3,000 கோடி ஹாங்காங் டாலர் செலவில் கட்டியது. இந்த மார்ச் 1 அன்று திறந்தார்கள். பெரிய ஸ்டேடியத்தில் மட்டும் 50,000 பேர் உட்காரலாம். கூரையைத் திறக்கலாம், மூடலாம். தெற்குப் பக்கம் துறைமுகத்தைப் பார்த்தபடி பிரம்மாண்டமான கண்ணாடிச் சுவர்.

வெளிச்சுவர் முழுக்க ஊதா நிற அலுமினியத் தகடுகள். கார் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் கேப் சரியா, ஃப்ளஷ் சரியா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. கிட்டே போய் நின்று தகடுகளின் விளிம்பைப் பார்த்தேன். சுவர் வளைந்து போகும் இடத்தில்கூட இடைவெளி ஒரே சீராக ஓடுகிறது. எவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறார்கள்! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. எந்த ஊர்த் தொழிலாளியானாலும் அவன் செய்த நல்ல வேலை இது.

ஹாங்காங் அணியின் பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட். பெங்களூரு எஃப்சியின் முதல் பயிற்சியாளர் அவர்தான். 2013-14இல் அறிமுக சீசனிலேயே ஐ-லீக்கை வென்று கொடுத்தார், 2015-16இல் மறுபடியும். அந்த அணிக்குக் கேப்டன் சுனில் சேத்ரி. அவர்கள் புணே எஃப்சியோடு ஆட எங்கள் புணேயின் பாலேவாடி மைதானத்துக்கு வந்தபோது நான் நேரில் பார்த்திருக்கிறேன். கோட்டுக்கு வெளியே ஒரு நிமிஷம்கூட உட்காராமல் கத்திக்கொண்டே இருந்தார் வெஸ்ட்வுட். போன வருஷம் மார்ச்சில் ஆப்கானிஸ்தானுக்குப் பயிற்சியாளராக வந்து குவாஹாட்டியில் நம்மை 2-1 என்று தோற்கடித்ததும் அவரேதான். நம் ஆட்டக்காரர்களின் பலமும் பலவீனமும் அவருக்கு மனப்பாடம்.

பாலேவாடியை நினைத்தால் வயிறு எரிகிறது. 2012-13 ஐ-லீக்கில் இரண்டாவது இடம் பிடித்தது புணே எஃப்சி. 2015இல் அந்தச் சீனியர் அணியே இல்லாமல் போனது. ஒரே ஒரு சீசன் ஆடிய பாரத் எஃப்சியும் காணாமல் போனது. ஐஎஸ்எல்லில் ஆடிய எஃப்சி புணே சிட்டி 2019இல் கலைந்து, அதன் இடம் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. மைதானம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2022இல் மகளிர் ஆசியக் கோப்பையில் சீனாவும் ஜப்பானும் அரையிறுதி ஆடிய புல்தரை அது. சாகணிலும் பிம்பிரியிலும் தொழிற்சாலைகளில் மணிப்பூர், கேரளம், வங்காளம், கோவா என்று கால்பந்து ஊர்களிலிருந்து வந்த எத்தனையோ பேர் வேலை செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிப் போய்க் கத்துவதற்கு எங்களுக்கென்று ஒரு அணி இல்லை. தன் அணிக்கு இப்படி ஒரு வீடு கட்டிக்கொடுத்திருக்கும் ஊரில் நின்று இதை நினைத்துப் பார்ப்பது வலித்தது.

10 ஜூன், செவ்வாய். ஹாங்காங், இரவு

தோற்றுவிட்டோம். 0-1. கடைசி நிமிஷத்தில்.

ஆட்டம் எட்டு மணிக்கு. ஆறு மணிக்கே ரயில் பெட்டி முழுக்கச் சிவப்புச் சட்டை. பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்த பிள்ளைகள், தாத்தா கையைப் பிடித்து வந்த பேரன்கள். ஹாங்காங் தேசிய அணி இந்த மைதானத்தில் ஆடும் முதல் ஆட்டம் இது, அதைக் கொண்டாடவே வந்திருந்தார்கள். வருகை 42,570 என்று அறிவித்தார்கள். உலகத் தரவரிசையில் நமக்கும் கீழே, 153ஆம் இடத்தில் இருக்கும் அணிக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரியில் இத்தனை பேர்!

எங்களைச் சுற்றி நீலச் சட்டைகள் கொஞ்சம் இருந்தன. கப்பலில் வேலை பார்க்கும் கேரளத்துக்காரர் ஒருவர், பேங்கில் வேலை பார்க்கும் இரண்டு கல்கத்தாப் பெண்கள், திருச்சியைச் சேர்ந்த ஒரு குடும்பம். தேசியகீதம் பாடும்போது திருச்சி அம்மா அழுதார். எனக்கும் தொண்டை அடைத்தது.

2022 ஜூன் 14 அன்று கொல்கத்தாவில் இதே ஹாங்காங்கை நாம் 4-0 என்று வென்றோம். மூன்று வருஷத்தில் அவர்கள் எவ்வளவோ ஏறி வந்துவிட்டார்கள். ஆனாலும் இன்று நம்மவர்கள் மோசமாக ஆடவில்லை, இதை நான் யாரிடமும் அடித்துச் சொல்வேன். முதல் பாதியில் லிஸ்டன் கொலாசோ கொடுத்த பந்து ஆஷிக் குருனியனுக்கு கோலுக்கு நேர் முன்னால் கிடைத்தது. அவர் அடித்தது வெளியே போனது. கேரளத்துக்காரர் தலையில் கைவைத்தபடி உட்கார்ந்தவர், வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. அது கோலாகியிருந்தால் அந்த 42,000 பேரும் வாயடைத்துப் போயிருப்பார்கள். இந்த அணிக்கு அப்படி ஒரு கணம் கிடைக்க வேண்டியது நியாயம்.

இரண்டாம் பாதியில் சேத்ரி இறங்கினார். வயது 40. போன ஜூனில் கொல்கத்தாவில் விடைபெற்றுப் போனவரை, கோல் போட ஆளில்லை என்று மார்ச்சில் திரும்ப அழைத்து வந்திருக்கிறார்கள். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். பக்கத்தில் ஹாங்காங்காரர்கள் சிலரும் தட்டினார்கள். எதிர்ப்பக்கம் கோட்டோரத்தில் வெஸ்ட்வுட். பாலேவாடியில் ஒரே பக்கம் நின்ற இருவரும் இன்று எதிரெதிரே. சேத்ரி ஓடினார், கை காட்டிப் பந்து கேட்டார், பின்னால் இறங்கி வந்து தடுத்தார். பந்து வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

அப்புறம் அந்தக் கடைசி நிமிஷங்கள். நம் பெட்டிக்குள் உயரமாக வந்த பந்தைக் குத்தி வெளியேற்ற நம் கோல்கீப்பர் விஷால் கைத் பாய்ந்தார். கை பந்தில் படவில்லை. ஹாங்காங்கின் உடெபுலூசர் மீது பட்டது. நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டினார். மைதானம் முழுக்க கைப்பேசி விளக்குகள் எழுந்தன. கல்கத்தாப் பெண்களில் ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள், யாரென்றே தெரியாது. ஸ்டெஃபான் பெரெய்ரா அடித்தார். காலடியில் கான்கிரீட் அதிர்ந்ததை உள்ளங்காலில் உணர்ந்தேன்.

ஆட்டம் முடிந்து நம் ஆட்டக்காரர்கள் எங்கள் பக்கம் வந்து கைதட்டினார்கள். விஷால் கைத் தலை நிமிரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், திருச்சிக்காரரின் சின்ன மகன் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக. காக்கா இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சோறு தின்றவர். ஆனாலும் இன்று நீலச் சட்டையில்தான் வந்தார். திரும்பும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

11 ஜூன், புதன். ஹாங்காங் விமான நிலையம்

நேற்று ராத்திரியே டாக்காவில் சிங்கப்பூர் 2-1 என்று வங்கதேசத்தை வென்றுவிட்டது. ஹாங்காங், சிங்கப்பூர் இரண்டும் 4 புள்ளி. வங்கதேசமும் நாமும் 1. கோல் கணக்கில் நாம் கடைசி. இன்னும் நான்கு ஆட்டம் பாக்கி.

காலையிலிருந்து கோலாப்பூர்க்காரரோடு செய்தியாகவே பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் ஆஷிக்கைத் திட்டுகிறார். நான் விடவில்லை. அந்த இடத்துக்கு ஓடி வந்து சேர்ந்ததே பாதி வேலை என்றேன். மைதானம் எப்படி இருந்தது என்று கேட்டார். ஊதாத் தகடுகளின் படம் அனுப்பினேன். தகட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த கேப்பை நம்ம ஆடிட்டர்கூட குறை சொல்ல முடியாது" என்று பதில் போட்டார்.

அக்டோபர் 9 சிங்கப்பூரில் ஆட்டம், 14 நம் நாட்டில். அந்த இரண்டாவது ஆட்டத்தைப் பாலேவாடியில் நடத்தச் சொல்லிக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு எழுதப்போகிறோம். ஆங்கிலக் கடிதம் நான், மாநில சங்கத்துக்கு மராத்தியில் அவர். சாகணில் எந்தெந்தக் கம்பெனியில் யார் யார் பந்தாடுகிறார்கள் என்று பட்டியல் எடுத்து அவரவர் கையெழுத்தும் வாங்கவேண்டும். நிகோஜேயில் ஞாயிறுதோறும் ஆடும் மணிப்பூர்ப் பையன்களிடமிருந்து தொடங்கலாம் என்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமையே போகிறோம்.