பஜனைக் கூடத்தில் பிறந்த சங்கம்

"பஜனை செய்தால் வயிறு நிறையுமா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. "கோவிந்த நாமத்துக்கும் கூலி உயர்வுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களும் உண்டு. இவ்விரு சாராரையும் ஒரு முறை வடசென்னைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது நமது ஆசை.

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, நாம் இராயபுரத்திலிருந்து பெரம்பூருக்கு நடந்தோம். 1856-ம் வருஷத்தில் திறந்த பழைய ரயில் நிலையத்தைத் தாண்டி, பேசின் பாலத்தைக் கடந்து, புளியந்தோப்பு வழியாகச் சென்றோம். எங்கோ ஒரு சிறு கோயிலிலிருந்து ஜால்ராச் சத்தம் கேட்டது. அது நம் மனத்தை 1918-ம் வருஷத்துக்கு இழுத்துச் சென்றுவிட்டது.

அந்நாளில் இப்பகுதியின் நாடி, பக்கிங்காம், கர்நாட்டிக் என்னும் இரு பஞ்சாலைகளே. நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலையைச் சட்டமே அனுமதித்த காலம் அது. நடுப்பகலில் சோறு உண்ணக் கொடுத்த அவகாசமோ அரை மணி. குறைகளைச் சொல்லி அழவும் தொழிலாளிக்கு ஓர் இடம் இல்லை.

ஓர் இடம் மட்டும் இருந்தது. அதுவே ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதை நடத்தி வந்தார்கள். பக்திப் பிரசங்கம் கேட்க வந்த தொழிலாளிகள், தங்கள் துயரங்களையும் அவர்களிடம் சொன்னார்கள். கேட்ட காது சும்மா இருக்கவில்லை. 'தேசபக்தன்' ஆசிரியர் திரு.வி.கலியாணசுந்தர முதலியார் வந்து பேசினார். பிறப்பால் பார்ஸியும் கொள்கையால் தியாஸபிஸ்டுமான பி.பி.வாடியா வந்தார். 1918 ஏப்ரல் 27-ந் தேதி, வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வைஷ்ணவ பஜனையும் சைவப் புலவரும் பார்ஸிப் பெரியாரும் கூடிப் பெற்ற குழந்தை அது! சங்கத்தின் மீது தொடுத்த வழக்கில் 1920-ல் உயர்நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. அதனால் எழுந்த கிளர்ச்சி, 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துக்கே வித்தாயிற்று.

இத்துடன் நிறுத்தினால் கதை இனிக்கும். ஆனால் நாம் நடந்த தெரு புளியந்தோப்பு ஆயிற்றே!

1921-ல் நெடிய வேலை நிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். வறுமையைத் தாங்கும் சக்தி அவர்களுக்குக் குறைவு. தங்களை ஒதுக்கி வைத்தவர்களை நம்புவதற்குக் காரணமும் குறைவு. உடனே, ஒரே ஆலையில் உழைத்தவர்கள் ஒருவரையொருவர் தாக்கினார்கள். குடிசைகள் எரிந்தன. போலீஸார் சுட்டார்கள். உயிர்கள் போயின. சங்கப் புத்தகத்தில் பெயர்கள் அடுத்தடுத்து இருந்தும், வாழ்ந்த தெருக்கள் வேறு வேறாகவே இருந்துவிட்டன.

இதை எழுதும்போது நம் பிள்ளைப் பிராயத்து நிகழ்ச்சி ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. எங்கள் ஊர்ப் பஜனை மடத்தில் சுண்டல் வழங்குவார்கள். நாங்கள் உள்ளே உட்கார்ந்து இலையில் வாங்குவோம். எங்களோடு ஏரிக்கரையில் விளையாடும் பையன் ஒருவன் மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்று கை நீட்டுவான். எட்ட இருந்தபடியே அந்தக் கையில் போடுவார்கள். "ஏன்?" என்று நாம் ஒரு நாளும் கேட்கவில்லை. சுண்டல் தீர்ந்துவிடும் என்பதே அப்போது நமக்கிருந்த கவலை!

ஆலைகள் 1996-ல் மூடிவிட்டன. ஆனால் வடசென்னையின் வழக்கு மூடவில்லை. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ந் தேதி இரவு, பெரியகுப்பம் கடலோரத்தில் அம்மோனியா வாயு கசிந்தது. மூச்சுத் திணறிய ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு கூடி அமர்ந்து நியாயம் கேட்டார்கள். நச்சுக்காற்று, கோயில் தெரு என்றும் மாதாகோயில் தெரு என்றும் பார்த்து வீசவில்லை.

அவர்கள் கூடுவதற்குக் கோயில் மண்டபமோ, மாதாகோயில் முற்றமோ, மசூதித் திண்ணையோ, எதுவானாலும் கதவு திறக்கட்டும். பெரம்பூர் பஜனைக் கூடம் காட்டிய வழி அதுவே. புளியந்தோப்பு புகட்டிய பாடமும் ஒன்று உண்டு. பஜனை தொடங்குமுன், வாசற்படிக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட வேண்டும்.