இருபடிச் சமன்பாடும் ஆட்டுப்பட்டியும்

பத்தாம் வகுப்புக் கணிதநூலில் ‘தன்மைகாட்டி’ என்றொரு பகுதி உண்டு. இருபடிச் சமன்பாட்டின் நடுவெண்ணை வர்க்கமாக்கி, அதிலிருந்து முதலெண், கடையெண் இவற்றின் பெருக்கலைப்போல் நான்கு மடங்கைக் கழிக்க வேண்டும். மிச்சம் மிகையானால் மூலங்கள் இரண்டு. சுழியானால் இரண்டும் ஒன்றே. குறையானால் மெய்யெண்களில் மூலமே இல்லை. பிள்ளைகள் இதனை நெட்டுருப் போட்டுத் தேர்வெழுதி மறந்துவிடுகிறார்கள்.

மருங்காபுரியில் மாலைவேளைகளில் கணக்குச் சொல்லித் தரும் எனக்கு, அப்பிள்ளைகளின் அச்சம் நன்கு தெரியும். விடை வரவில்லையெனில் பிழை தம்முடையதே என்பது அவர்களுடைய முடிவு. 20 மீட்டர் கம்பிவலையால் 26 சதுர மீட்டர் பரப்புள்ள செவ்வக ஆட்டுப்பட்டி அடைக்கவேண்டும், நீளமும் அகலமும் என்ன என்று ஒருநாள் வேண்டுமென்றே கேட்டிருந்தேன். ஆடு வளர்க்கும் வீட்டுப் பெண்ணொருத்தி தாள் முழுவதும் எழுதி எழுதி அடித்துவிட்டு, “எனக்குக் கணக்கு வராது சார்” என்று எழுந்துவிட்டாள். அவளுடைய படிப்பை நிறுத்திவிடலாமென்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது.

“பரப்பை 21 என்று வைத்துப் பாரம்மா” என்றேன். நீளமும் அகலமும் சேர்ந்து 10. அதில் பாதி 5, வர்க்கம் 25, 21 போக மிச்சம் 4, அதன் வர்க்கமூலம் 2. ஐந்தோடு கூட்டினால் 7, கழித்தால் 3. பட்டி அமைந்துவிட்டது. பரப்பு 25 என்றால் மிச்சம் சுழி. ஐந்துக்கு ஐந்து சதுரம். 26 என்றால்? இருபத்தைந்தில் இருபத்தாறு போகாது.

“அப்படியானால் யாருக்குமே விடை வராதா சார்?”

“யாருக்கும் வராது.”

சற்று யோசித்தவள், “வட்டமாக அடைத்தால்?” என்றாள். அடைக்கலாம், 31 சதுர மீட்டருக்கு மேலேயே கிடைக்கும். கணக்கு வராதென்று சொன்னவள் கேட்ட கேள்வி இது!

நான் சொன்ன வழி என்னுடையதன்று. 820ஆம் ஆண்டையொட்டி, கலீஃபா மஃமூன் காலத்துப் பக்தாதில், அல்குவாரிஸ்மீ எழுதிய அல்ஜப்ரு நூலின் வழி. ஒரு வர்க்கமும் 21 திர்ஹமும் பத்து மூலங்களுக்குச் சமம் என்பது அவர் எடுத்துக்கொண்ட கணக்கே. பாதியின் வர்க்கம் திர்ஹத்தைவிடக் குறைந்தால் கணக்கு நடவாது, சமமானால் பாதியே மூலம் என்று அவர் தெளிவாகவே எழுதி வைத்தார். பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கு அந்நூலில் பெரும்பகுதியை ஒதுக்கியவரல்லவா? இல்லாததைப் பங்கிட முடியாதென்று அறிந்திருப்பார். பாதியாக்காமல் செய்வதால்தான் நம் பாடநூலில் அந்த நான்கு மடங்கு வருகிறது: 100-இல் 84 போக 16. ஆங்கிலேயரான சில்வெஸ்டர் 1851இல் இதற்குப் பெயரிட்டது, பொருள் விளங்கி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு.

பிற்காலத்தார் குறையெண்ணுக்கும் வர்க்கமூலம் படைத்து, கற்பனை எண் என்றார்கள். மின்னியலுக்கு அது பெரிதும் உதவுகிறது. ஆட்டை அடைக்கத்தான் உதவாது.