சுவருக்கு ஒரு சட்டை!

சென்னையில் வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது ஒரு புது ஆசை. நன்றாக இருக்கிற கான்கிரீட் சுவர் மேல் மரப்பலகை அடிப்பது. 'கிளாடிங்' என்று பெயர். சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்டால் சோடா வாங்கித் தெளிக்க வேண்டியிருக்கும். சுவருக்குச் சட்டை போடும் இந்த வித்தையை ஓசியில் பார்க்க ஒரு இடம் இருக்கிறது. பொன்னேரி வரை ரயில், அப்புறம் பஸ். பழவேற்காடு.

வருகிறவர்கள் 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய ஜெல்டிரியா கோட்டையைத் தேடுவார்கள் (புதரைத்தான் பார்ப்பார்கள்). டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சீசனாக இருந்தால் பூநாரை. பிறகு நண்டு வறுவல், ஏப்பம், பஸ். நீங்கள் அப்படியே குப்பத்துப் பக்கம் நடந்து பாருங்கள். வீடுகள் கான்கிரீட்டுக்கு மாறிவிட்டாலும் பின்பக்க அடுப்படி, வலை போடும் கொட்டகை என்று பனையோலைச் சுவர் இன்னும் கண்ணில் படும்.

சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே வரிச்சு கட்டி, ஓலையைக் கீழ்வரிசையிலிருந்து கட்டிக்கொண்டே மேலே போகிறார்கள். ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே உள்ளதன் தலை மேல் ஏறி உட்காரும். மழைத்தண்ணீர் வழுக்கிக்கொண்டே தரைக்கு வந்துவிடும். மேலிருந்து ஆரம்பித்தீர்களோ, வீட்டுக்குள்ளேயே குளிக்கலாம்! மரப்பலகைக்கும் இதே சட்டம்தான். ஆனால் அதைச் சுவரோடு ஒட்டி அடிக்கக் கூடாது. நடுவில் ரீப்பர் கொடுத்துக் காற்று ஓட இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தங்கி உளுத்துப்போகும். ஓலைக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு உடம்பெல்லாம் மூக்கு.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஓலை வீடுதானே தாத்தா குளிர்ச்சி?" என்றேன்.

"குளிர்ச்சிதான் தம்பி. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நீ வந்து மாத்திக் குடு. புயல் அடிச்சா புடிச்சிக்க. தீப்புடிச்சா அணை."

நியாயம்தானே? 2004 சுனாமியைப் பார்த்த கடற்கரையில், ஓலையின் அழகைப் பற்றிப் பட்டணத்துக்காரன் லெக்சர் அடிக்க முடியாது. 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்க அரசு திட்டம் போட்டபோது யாரும் வேண்டாம் என்று ஓடவில்லை.

ஆனால் நான் பி.காம்.; கணக்கு பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஓலையின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், கை முதலும் கொஞ்சம்தான். கான்கிரீட்டின் தேய்மானம் உள்ளே நடக்கிறது. உப்புக்காற்று புகுந்து கம்பி துருப்பிடிக்கும், துரு உப்பும், ஒருநாள் கூரைக் காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழும். ஓலையை வீட்டுக்காரரே மாற்றிவிடுவார். கம்பியை யார் மாற்றுவது?

பனைக்கும் இப்போது பாதுகாப்பு உண்டு. வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. ஏறி ஓலை வெட்டுகிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைக்கிற குருத்தோலையில் இந்த ஊர்ப் பெண்கள் கூடையும் டப்பாவும் பின்னி விற்கிறார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு கான்கிரீட் வீட்டைத் தாண்டினேன். வாசலில் ஓலைத் தட்டி கட்டி நிழல் இறக்கியிருந்தார்கள். பாட்டியிலிருந்து பேரன் வரை மொத்தக் குடும்பமும் அதன் கீழே. உள்ளே ஃபேன் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.